நேரடிப் போக்கர் போட்டிகளில் ஆடுவோருக்கான விதிகளும் மேசை ஒழுங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்டத்தில் எந்தக் கை எந்தக் கையை வெல்லும் என்பது தெரிந்தவர்கள், ஆனால் டீலர் ஒருவர் சீட்டுப் போடும் போட்டி மேசையில் இதுவரை உட்காராதவர்கள், இங்குள்ள பதில்களைப் படித்துவிட்டுச் செல்வது நல்லது. புதியவர்கள் போட்டியில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளான சிப்ஸை இழப்பதும் எச்சரிக்கை வாங்குவதும் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. நண்பர் வீட்டில் ஆடிய பழக்கத்தையும் திரைப்படத்தில் பார்த்த பாவனையையும் மேசைக்குக் கொண்டுவருவதால்தான் நடக்கிறது.

இணையத்தில் ஆடும் போட்டிகளுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தா. இணையத்தில் முறை தவறி ஆடவோ குறைந்த தொகைக்கு ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துதல்) செய்யவோ மென்பொருளே விடாது. நேரடி மேசையில் அந்தக் காவலை விதியும் மனிதர்களும் செய்கிறார்கள். மேலும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, அவை திறமை சார்ந்தவையா அதிர்ஷ்டம் சார்ந்தவையா என்ற வேறுபாடு பாராமல், 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்திய அரசின் சட்டம் தடை செய்துள்ளது. எனவே இங்கே பேசப்படுவது லாஸ் வேகஸ் போன்ற நகரங்களிலும், உரிமம் பெற்ற கேசினோக்கள் உள்ள கோவாவிலும் நேரடியாக நடைபெறும் போட்டிகளைப் பற்றி மட்டுமே. லாஸ் வேகஸ் அமைந்துள்ள நெவாடா மாநிலத்திலும் கோவாவிலும் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை.

போட்டி விதிகளை வகுப்பவர்கள் யார்?

வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் எனப்படும் உலகத் தொடர் 1970இல் லாஸ் வேகஸில் பென்னி பினியனின் ஹார்ஸ்ஷூ கேசினோவில் ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கியது. அந்த முதலாண்டில் வெற்றியாளராக ஜானி மாஸ் வாக்கெடுப்பின் மூலமே தேர்ந்தெடுக்கப்பட்டார். கையிலிருக்கும் சிப்ஸ் தீர்ந்தவர் வெளியேற, கடைசியில் மிஞ்சுபவர் வெல்லும் முறை மறு ஆண்டுதான் வந்தது. ஒருவரையொருவர் அறிந்த சில பேர் ஆடும்வரை வாய்வழிப் பழக்கமே போதுமானதாக இருந்தது. 2003இல் அத்தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினர். 2024இல் 10,112 பேர் பதிவு செய்தனர். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வழக்கில் பழகியவர்கள் ஒரே மேசையில் வந்து அமரும்போது, ஒருவருக்கு "கால்" (எதிரியின் பந்தயத்துக்கு ஈடாக வைத்தல்) ஆகத் தோன்றும் செய்கை மற்றவருக்கு "ரெய்ஸ்" ஆகத் தோன்றும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2001இல் மேட் சாவேஜ், லிண்டா ஜான்சன், ஜான் ஃபிஷர், டேவிட் லாம்ப் ஆகியோர் டிடிஏ எனப்படும் போட்டி இயக்குநர்கள் சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கம் அவ்வப்போது கூடித் திருத்தி வெளியிடும் விதித்தொகுப்பையே உலகின் பெரும்பாலான அரங்குகள் அடிப்படையாகக் கொள்கின்றன. கீழே தரப்படும் அளவுகள் அத்தொகுப்பைத் தழுவியவை. அரங்குக்கு அரங்கு சிறு மாற்றங்கள் உண்டு என்பதால், பதிவு செய்யும் இடத்தில் ஒட்டியிருக்கும் விதித்தாளை ஐந்து நிமிடம் நின்று படித்துவிடுங்கள்.

அத்தொகுப்பின் முதல் விதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் நலனும் நேர்மையுமே முதன்மையானவை. வழக்கத்துக்கு மாறான சூழ்நிலையில், விதியின் எழுத்தைவிடப் பொது அறிவுக்கு ஒத்த நியாயமான முடிவு மேலோங்கலாம் என்று அது கூறுகிறது. விதியின் ஓட்டையைத் தேடிப் பிடித்து அடுத்தவரின் சிப்ஸை எடுக்க நினைப்பவருக்கு இவ்விதி ஒரு முன்னெச்சரிக்கை.

முதல் முறை செல்பவர் எதை எடுத்துச் செல்ல வேண்டும்? எப்போது போய்ச் சேர வேண்டும்?

அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை கட்டாயம் தேவை. வெளிநாட்டில் ஆடுவோருக்குக் கடவுச்சீட்டு. இந்தியாவில் சீட்டாட்டப் பரிசுப் பணத்தில் 30 விழுக்காடு வரி பிடித்தம் செய்யப்படுவதால் பான் அட்டையும் வேண்டும். இருக்கை குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும். நண்பரின் அருகில் உட்கார வேண்டும் என்று கேட்பது முறையன்று. பெரும்பாலான போட்டிகளில் தொடங்கிய பின்னும் சில சுற்றுகள்வரை பதிவு திறந்திருக்கும் என்றாலும், முதல் சீட்டு விழும்போதே இருக்கையில் இருப்பது புதியவருக்கு நன்மை தரும். அப்போதுதான் சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகக் கட்டும் பிளைண்ட் தொகை குறைவாக இருக்கும், தவறு செய்து கற்றுக்கொள்ள இடமிருக்கும். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் பெரும்பாலும் அனுமதிக்கப்படுகின்றன; ஆள் அடையாளம் தெரியாதபடி முகத்தை மறைப்பதற்கு அனுமதியில்லை.

பந்தயம் கட்டும்போது வாயால் சொல்ல வேண்டுமா, சிப்ஸை வைத்தால் போதுமா?

இரண்டுமே செல்லும். ஆனால் வாயால் சொல்லிவிட்டு வைப்பவருக்குச் சிக்கல் மிகக் குறைவு. தன் முறை வந்தபின் ஒருவர் வாயால் சொன்ன சொல் அவரைக் கட்டுப்படுத்தும். "கால்" என்று சொல்லிவிட்டால் கால்தான். சிப்ஸை இன்னும் தொடவில்லை என்று பின்வாங்க முடியாது.

ரெய்ஸ் செய்ய மூன்று வழிகள் உள்ளன. முழுத் தொகையையும் ஒரே அசைவில் முன்னே தள்ளலாம். சிப்ஸை வைப்பதற்கு முன்பே முழுத் தொகையை அறிவிக்கலாம். அல்லது முதலில் "ரெய்ஸ்" என்று சொல்லி, காலுக்குரிய தொகையை வைத்தபின், மிச்சத்தை இன்னும் ஒரே ஓர் அசைவில் வைத்து முடிக்கலாம். இவை தவிர, கொஞ்சம் வைத்து, எதிரியின் முகத்தைப் பார்த்து, மீண்டும் கொஞ்சம் எடுத்து வைப்பது "ஸ்ட்ரிங் பெட்" எனப்படும், அது செல்லாது. "உன் ஆயிரத்தை ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு மேல் ஐயாயிரம்" என்று திரைப்பட நாயகர்கள் இழுத்துப் பேசும் வசனம் உண்மையான மேசையில் அந்த ஆயிரத்தோடு முடிந்துவிடும், ஏனென்றால் முதலில் வாயிலிருந்து வந்தது கால். இத்தடையின் காரணம் எளிது. முதல் பகுதியை வைக்கும்போது எதிரியின் உடல்மொழி காட்டிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு இரண்டாம் பகுதியைத் தீர்மானிக்க ஒருவருக்கு இடம் கொடுத்தால், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

தொகையைத் தெளிவாகச் சொல்லாமல் வெறுமனே "ஃபைவ்" என்று சொல்வது இன்னொரு பழக்கம். அது ஐந்நூறா, ஐயாயிரமா? பந்தயத்துக்கு முன் "பாட்" எனப்படும் நடுக் குவியலில் இருக்கும் தொகையைத் தாண்டாத மிக உயர்ந்த பொருளே எடுத்துக்கொள்ளப்படும். பாட் 5,000க்குக் குறைவாக இருந்தால் அது 500. 5,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 5,000. மனத்தில் ஐந்நூறை நினைத்தவருக்கு இரண்டாவது விளக்கம் பேரிடியாக இருக்கும்.

ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தேன். டீலர் அதைக் கால் என்று சொல்லி மீதி கொடுத்துவிட்டார். சரியா?

சரிதான். புதியவர்களை மிக அதிகமாகக் கடிக்கும் விதி இதுவே. என்னையும் முதல் போட்டியிலேயே கடித்தது. பிளைண்ட் 500-1,000. கையில் ஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ராஜாவும். நெஞ்சு படபடக்க, ஒன்றும் பேசாமல் ஒரு 5,000 சிப்பை மேசைவிரிப்பின் மீது வைத்தேன். டீலர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் "கால்" என்று அறிவித்து, நான்கு ஆயிரம் சிப்ஸை என் பக்கம் நகர்த்தினார். பின்னால் மூன்று பேர் மலிவாக உள்ளே வந்தார்கள். ஃப்ளாப்பில், அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில், ஏஸ் விழுந்தது. அந்தப் பாட்டை நான் இழந்ததற்கு ராஜாக்கள் காரணமல்ல. ஒரு சொல் பேசாததே காரணம். அன்றிலிருந்து சிப்பைத் தொடுமுன் வாயைத் திறக்கப் பழகிக்கொண்டேன்.

விதி இதுதான்: எதிரே ஒரு பந்தயம் அல்லது பிளைண்ட் இருக்கும்போது, எதுவும் சொல்லாமல் வைக்கப்படும் ஒற்றைச் சிப், அது எவ்வளவு பெரிய மதிப்பானாலும், கால் மட்டுமே. அதையே ரெய்ஸாக்க விரும்பினால், சிப் மேசையைத் தொடும் முன் சொல்லிவிட வேண்டும். ஃப்ளாப்புக்குப் பிறகு எதிரே பந்தயமே இல்லாத நிலையில் வைக்கும் ஒற்றைச் சிப் மட்டும் தன் முழு மதிப்புக்கும் பந்தயமாகக் கொள்ளப்படும்.

பல சிப்ஸை வைத்தால்? 1,200 பந்தயத்துக்கு எதிரே இரண்டு ஆயிரம் சிப்ஸைப் பேசாமல் வைத்தால், ஒன்றை எடுத்துவிட்டால் கால் தொகைக்குப் பற்றாது என்பதால், அதுவும் காலே ஆகும்.

குறைந்தபட்ச ரெய்ஸ் எவ்வளவு? அதற்குக் குறைவாக வைத்துவிட்டால் என்ன ஆகும்?

அந்தச் சுற்றில் அதுவரை நடந்த மிகப் பெரிய பந்தயம் அல்லது உயர்வு எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு உயர்த்த வேண்டும். பிளைண்ட் 100-200ஆக இருக்கும்போது ஒருவர் 600க்கு ரெய்ஸ் செய்கிறார் என்றால் அவர் உயர்த்தியது 400. அடுத்தவர் குறைந்தது 1,000க்கு உயர்த்த வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் 850க்கான சிப்ஸை வைத்தால், 600க்கு மேற்பட்ட 250 என்பது தேவையான 400இல் பாதிக்குக் குறையாததால், 1,000 ஆகும்வரை நிரப்பியாக வேண்டும். 750க்கு மட்டும் வைத்திருந்தால், கூடுதலான 150 பாதிக்கும் குறைவு. எனவே அது 600க்கான கால் மட்டுமே. "ரெய்ஸ்" என்று முன்பே சொல்லிவிட்டால் இந்தப் பாதிக் கணக்குக்கு வேலையில்லை. 1,000 வைத்துத்தான் ஆகவேண்டும்.

கையிலிருப்பது போதாமல், அதையெல்லாம் வைத்து ஆல்-இன் சொல்பவர் மட்டும் இக்கட்டுப்பாட்டுக்கு வெளியே. ஆனால் அத்தகைய குறை ஆல்-இன், ஏற்கெனவே ஆடி முடித்தவர்களுக்கு மீண்டும் ரெய்ஸ் செய்யும் உரிமையைத் திறந்துவிடாது. ஒருவர் 1,000 கட்டுகிறார், அடுத்தவர் 1,400க்கு ஆல்-இன் போகிறார், மூன்றாமவர் 1,400ஐக் கால் செய்கிறார். முதலாமவரிடம் ஆட்டம் திரும்பும்போது அவர் மேலும் 400 வைக்கலாம், அல்லது சீட்டை விடலாம். உயர்த்த முடியாது, ஏனெனில் அவரை எதிர்கொள்வது முழு ரெய்ஸ் அன்று.

எதிரி கட்டிய தொகையை டீலர் தவறாகச் சொன்னார், நான் கால் செய்துவிட்டேன். திரும்பப் பெறலாமா?

பொதுவாக முடியாது. எதிரே இருப்பது எவ்வளவு என்று உறுதி செய்துகொள்வது கால் செய்பவரின் பொறுப்பு. ஐயமிருந்தால் டீலரை எண்ணச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; அதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். எண்ணாமல் தலையசைத்தால், நடுவர் தலையிட்டால் ஒழிய, உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொண்டதாகப் பொருள். இதே காரணத்தால், பெரிய மதிப்புள்ள சிப்ஸை எதிரில் உள்ளவர் கண்ணுக்குப் படும்படி முன்னால் அடுக்கி வைப்பது ஒவ்வொருவரின் கடமை. ஒரே மதிப்புச் சிப்ஸை இருபது இருபதாக அடுக்குவதே வழக்கம். சிப்ஸை மடியிலோ பையிலோ வைப்பது கடும் குற்றம்.

என் முறை வருமுன் தவறி ஆடிவிட்டால்?

முறை தவறி ஆடியவரின் செய்கை, அவருக்கும் உண்மையான முறைக்காரருக்கும் இடையில் ஆட்டம் மாறாவிட்டால், அவரைக் கட்டுப்படுத்தும். நான்காம் பொதுச் சீட்டான டர்னில் 3ஆம் இருக்கை முதலில் ஆட வேண்டும். 5ஆம் இருக்கைக்காரர் முந்திக்கொண்டு 2,000 கட்டிவிடுகிறார். டீலர் நிறுத்தி 3ஆம் இருக்கையிடம் திரும்புகிறார். அவர் செக் செய்தால் (பந்தயம் கட்டாமல் முறையைக் கடத்தினால்) எதுவும் மாறவில்லை, 2,000 நிற்கும். அவர் 1,000 கட்டினால் நிலைமை மாறிவிட்டது. 5ஆம் இருக்கைக்காரர் தன் 2,000ஐத் திரும்பப் பெற்று, புதிதாக முடிவெடுக்கலாம். ஆனால் முறை தவறிச் சீட்டை விட்டவருக்கு எந்த நிலையிலும் சீட்டு திரும்பி வராது.

தாண்டிச் செல்லப்பட்டவருக்கும் ஒரு கடமை உண்டு. "என் முறை இன்னும் ஆகவில்லை" என்று அவர் உடனே குரல் கொடுக்க வேண்டும். அவர் வாளாவிருக்க, பின்னால் இரண்டு பேர் சிப்ஸ் வைத்து ஆடிவிட்டால், அவருடைய சீட்டு செத்ததாகக்கூட அறிவிக்கப்படலாம்.

முந்திச் செய்யும் ஃபோல்டு, அதாவது சீட்டை விடுதல், சிறு விஷயம் போலத் தோன்றும். அவ்வாறு தோன்றுவதற்காகவே அதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு முன்னால் யோசித்துக்கொண்டிருப்பவர், பின்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டுத்தான் பந்தயம் கட்டத் துணிகிறார். நீங்கள் சலிப்போடு சீட்டை முன்கூட்டியே வீசும்போது, ஒருவருக்கு இலவசத் தகவல் கொடுத்து இன்னொருவருக்குத் தீங்கு செய்கிறீர்கள்.

டீலர் தவறுதலாக என் சீட்டை எடுத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

நீங்கள்தான். சீட்டைப் பாதுகாப்பது ஆடுபவரின் கடமை என்பதில் விதி மிகவும் கறாரானது. டீலரின் கை தெரியாமல் உங்கள் சீட்டை இழுத்து, "மக்" எனப்படும் விட்ட சீட்டுக் குவியலில் கலந்துவிட்டால், அது இரண்டு ஏஸ்களாகவே இருந்தாலும் உங்களுக்கு நிவாரணம் இல்லை. அதற்குமுன் நீங்கள் கட்டி, எவரும் கால் செய்யாத தொகை மட்டும் திருப்பித் தரப்படும். எனவே சீட்டின் மேல் ஒரு சிப்பையோ சிறு பொருளையோ வைத்துவிடுங்கள்; குறிப்பாக டீலருக்கு இரு பக்கமும் முதல் இருக்கைகளில் இருப்பவர்கள். சீட்டைக் கையில் தூக்கி மார்பருகே வைத்துப் பார்ப்பதும், மேசைக்குக் கீழே கொண்டுபோவதும் கூடாது. மேசை மீதே வைத்து, கையால் மறைத்து, ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் யார் முதலில் சீட்டைக் காட்ட வேண்டும்?

ஒருவராவது ஆல்-இன் ஆகி, மேற்கொண்டு பந்தயம் கட்ட வழியில்லாத நிலை வந்துவிட்டால், எல்லோருடைய சீட்டும் உடனே திறந்து வைக்கப்பட வேண்டும். நட்பின் பேரில் ஒருவர் மற்றவருக்குச் சிப்ஸைத் தாரை வார்ப்பதைத் தடுக்க இதைவிட நேரான வழி இல்லை. ஆல்-இன் இல்லாத ஆட்டத்தில், கடைசிச் சுற்றில் கடைசியாகப் பந்தயம் கட்டியவர் அல்லது உயர்த்தியவர் முதலில் காட்ட வேண்டும். அச்சுற்றில் எல்லோரும் செக் செய்திருந்தால், டீலர் இடத்தைக் குறிக்கும் வில்லையான பட்டனுக்கு இடப்புறம் முதலில் இருப்பவரிலிருந்து தொடங்கும்.

காட்டுவது என்றால் இரண்டு சீட்டுகளையும் திறந்து மேசையில் வைப்பது. "ஃப்ளஷ்" என்று வாயால் சொன்னால் அதற்கு மதிப்பில்லை, சீட்டே பேசும். உங்களிடம் ஸ்ட்ரெய்ட் இருப்பது உங்களுக்கே தெரியாமல் "ஜோடி" என்று சொல்லித் திறந்து வைத்தாலும், டீலர் உங்களுக்கே பாட்டைத் தருவார். எதிரி தன் கையைச் சொல்லக் கேட்டுவிட்டு, அவர் சீட்டைப் பார்க்காமலே உங்கள் சீட்டைக் கவிழ்த்து வீசும் தவறை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கடைசிப் பந்தயத்தைக் கால் செய்தவருக்கு, தன் சீட்டைக் கையில் வைத்திருக்கும்வரை, கட்டியவரின் சீட்டைப் பார்க்கும் உரிமை முழுமையாக உண்டு.

வெல்வது உறுதி என்று தெரிந்தபின்னும், எதிரி வென்றதாக நம்பி மகிழும்வரை காத்திருந்து மெல்லச் சீட்டைத் திறப்பது "ஸ்லோ ரோல்" எனப்படும். இதற்குத் தண்டனை அரிதே. ஆனாலும் போக்கர் மேசையில் இதைவிட மதிப்பைக் கெடுக்கும் செயல் வேறில்லை என்பது என் கருத்து.

ஆட்டத்தின் நடுவே பேசலாமா? தமிழில் பேசலாமா?

பேசலாம். சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. நீங்கள் விட்ட சீட்டு எது என்று சொல்வது, ஃப்ளாப்பில் மூன்று ஏழு விழுந்ததும் "ஐயோ" என்று தலையில் கை வைப்பது, ஆடிக்கொண்டிருப்பவருக்கு அறிவுரை கூறுவது, அவர் ஆடியதைக் குறை சொல்வது ஆகிய எல்லாம் குற்றமே. ஒரு கையை ஒருவர் மட்டுமே ஆட வேண்டும் என்பது அடிப்படை விதி. கூட்டாளியோடு சேர்ந்து ஆடும் முந்நூற்றுநான்கில் வளர்ந்தவர்களுக்கு இது பழகச் சற்று நாளாகும். போக்கரில் கூட்டாளி என்று யாரும் இல்லை.

மொழியைப் பொறுத்தவரை, அரங்கம் அறிவித்துள்ள மொழிகள் மட்டுமே ஆட்டத்தின்போது செல்லும். லாஸ் வேகஸில் அது ஆங்கிலம். எதிரிருக்கையில் தமிழர் ஒருவர் அமர்ந்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலும், சீட்டுப் போட்டபின் தமிழில் பதில் சொல்லாதீர்கள். உங்கள் பேச்சு எவ்வளவு களங்கமற்றதாக இருந்தாலும், அது புரியாத மற்ற ஏழு பேருக்கும் அதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. இடைவேளையில் பேசிக்கொள்ளலாம்.

நண்பரும் நானும் ஒரே மேசையில் வந்துவிட்டோம். விட்டுக்கொடுத்து ஆடலாமா?

கூடாது. அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் செக் செய்து விடுவது "சாஃப்ட் பிளே". அதற்கும் தண்டனை உண்டு. உங்கள் நண்பர் தப்பிப் பிழைக்கும் ஒவ்வொரு முறையும், மூன்றாம் ஒருவரின் பரிசு வாய்ப்பு சுருங்குகிறது. 2025ஆம் ஆண்டு உலகத் தொடரின் மில்லியனேர் மேக்கர் போட்டியில், இறுதி இருவருக்கிடையே நடந்த ஆட்டத்தின்மீது ஐயம் எழுந்தது. வெற்றியாளர் என்று எவரையும் அறிவிக்காமல், சாம்பியனுக்குரிய கைக்காப்பையும் வழங்காமல், எஞ்சிய பரிசுத் தொகை இருவருக்கும் பிரித்துத் தரப்பட்டது.

எஞ்சியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு, நடுவரின் முன்னிலையில் பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் வேறு. பல அரங்குகளில் அதற்கு இடமுண்டு. ஒருவர் மறுத்தாலும் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

கைபேசி?

உங்கள் கையில் உயிருள்ள சீட்டு இருக்கும்போது கைபேசியைத் தொடாதீர்கள். மேசையிலிருந்து அழைப்பு பேசுவதும் கூடாது. ஆட்டத்தைக் கணக்கிட்டு உதவும் மென்பொருள்களையும் அட்டவணைகளையும் போட்டி அரங்குக்குள் திறப்பது மிகக் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. 2024 உலகத் தொடரின் இறுதி மேசையில், பார்வையாளர் வரிசையிலிருந்த நண்பர்களின் மடிக்கணினியை மையமாக வைத்துப் பெரும் விவாதம் எழுந்தபின் இக்கண்டிப்பு மேலும் கூடியது.

ஒரு முடிவுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்?

போதிய நேரம் எடுத்துக்கொள்ளலாம். மேசையில் உள்ள எவரும் உங்கள்மீது கடிகாரம் வைக்கக் கோரலாம். நடுவர் ஒப்புக்கொண்டால் 25 நொடிகள் தந்து, அதன்பின் மேலும் 5 நொடிகளை உரக்க எண்ணுவார். அதற்குள் ஆடாவிட்டால், எதிரே பந்தயம் இருப்பின் சீட்டு செத்துவிடும், இல்லையேல் செக் ஆகும். உண்மையில் கடினமான முடிவின் முன் தவிப்பவர்மீது உடனே கடிகாரம் கேட்பது நாகரிகமன்று. ஒவ்வொரு கைக்கும் நாடகம் போடுபவர்மீது கேட்பதில் தவறில்லை. அடுத்த பரிசுப்படி நெருங்கும்போது வேண்டுமென்றே நேரம் கடத்துபவர்களைத் தடுக்க, எல்லா மேசைகளும் ஒரு கையை முடித்தபின்பே அடுத்த கையைத் தொடங்கும் முறை கையாளப்படுகிறது.

எழுந்து போனால் என் சீட்டு என்னவாகும்? வேறு மேசைக்கு மாற்றினால்?

கை தொடங்கும்போது எல்லோருக்கும் போடும் சீட்டுகளில் கடைசிச் சீட்டு விழும் நேரத்தில் உங்கள் நாற்காலியைக் கை நீட்டித் தொடும் தொலைவிலாவது நீங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டு செத்தது. நீங்கள் இல்லாதபோதும் பிளைண்டும், ஆன்ட்டி எனப்படும் இன்னொரு கட்டாயத் தொகையும் உங்கள் அடுக்கிலிருந்து எடுக்கப்படும். மேசைகளைச் சமன்படுத்த ஒருவரை மாற்ற வேண்டுமானால், அடுத்துப் பெரிய பிளைண்ட் கட்ட வேண்டியவரே மாற்றப்படுவார். புதிய மேசையில் மீண்டும் பெரிய பிளைண்டே அவருக்கு வாய்க்கலாம். இதில் முறையிட ஒன்றுமில்லை. போகும்போது வழியில் நிற்காமல், சிப்ஸ் எல்லோருக்கும் தெரியும்படி ஏந்திச் செல்லுங்கள்.

சிறு சிப்ஸை ஏன் இடையில் எடுத்துவிடுகிறார்கள்?

பிளைண்ட் உயர உயர, 25, 100 போன்ற சிப்ஸுக்குத் தேவை இல்லாமல் போகிறது. மாற்றியது போக மிஞ்சும் உதிரிகளுக்குச் சீட்டுப் போட்டு, உயர்ந்த சீட்டுப் பெற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பெரிய சிப் தரப்படும். இக்குலுக்கலில் எவரும் போட்டியைவிட்டு வெளியேற்றப்பட மாட்டார். கடைசிச் சிப்பையும் இழப்பவருக்கு, ஆட்டத்தில் உள்ள மிகக் குறைந்த மதிப்புச் சிப் ஒன்று தரப்படும்.

டீலர் தவறு செய்தால், அல்லது தகராறு வந்தால் என்ன செய்வது?

கை உயர்த்தி "ஃப்ளோர்" என்று கூப்பிடுங்கள், நடுவர் வருவார். பாட்டை அடுத்தவர் பக்கம் தள்ளி, அடுத்த கைக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கிவிட்டால் முடிந்த ஆட்டத்தைத் திருத்த முடியாது. எனவே ஐயம் வந்த கணமே கூப்பிட வேண்டும். நடுவர் வந்ததும் முதலில் டீலர் பேசட்டும். பிறகு நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள், கையிலுள்ள சீட்டைச் சொல்லாமல். முடிவு உங்களுக்கு எதிராக இருந்தால் மேல்நிலை நடுவரிடம் ஒருமுறை முறையிடலாம். அதன்பின் ஆட வேண்டியதுதான். தவறு உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் வாய் திறந்து சொல்வது விதி எதிர்பார்க்கும் கடமை. பாட்டைத் தவறானவருக்கு டீலர் தள்ளும்போது, அந்தக் கையில் இல்லாத ஒருவரே பெரும்பாலும் அதைக் காண்பார்.

டீலர்மீது கோபத்தைக் காட்டுவது எவ்விதத்திலும் பொறுக்கத்தக்கதன்று. எட்டு மணி நேரம் மற்றவர்களின் நல்லூழையும் கெட்டூழையும் கைமாற்றிக் கொடுக்கும் அவருக்கு, எந்தச் சீட்டு விழும் என்பதில் எந்தக் கையும் இல்லை. அவர்மீது சீட்டை வீசுவது தண்டனைக்குரியது.

என்னென்ன தண்டனைகள் உண்டு?

வாய்மொழி எச்சரிக்கை, ஒரு கை அல்லது சில சுற்றுகள் மேசையைவிட்டு விலகி நிற்றல், தகுதிநீக்கம். ஒரு சுற்று என்பது மேசையில் எத்தனை பேரோ அத்தனை கைகள். அவ்வளவு நேரமும் உங்களுக்குச் சீட்டுப் போடப்பட்டு, அது செத்ததாக எடுக்கப்படும். பிளைண்ட் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். தகுதிநீக்கம் செய்யப்பட்டவரின் சிப்ஸ் ஆட்டத்திலிருந்தே அகற்றப்படும்.

போட்டியிலிருந்து வெளியேறும்போது என்ன செய்ய வேண்டும்?

ஆல்-இன் ஆகித் தோற்றதும் உடனே எழுந்துவிடாதீர்கள். டீலர் இரு அடுக்குகளையும் எண்ணி முடிக்கும்வரை காத்திருங்கள். எதிரியைவிட உங்களிடம் ஒரு சிப் கூடுதலாக இருந்தால்கூட நீங்கள் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறீர்கள். உண்மையிலேயே முடிந்துவிட்டால், வென்றவருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு நகருங்கள். பரிசு வரிசைக்குள் வந்தபின் வெளியேறினால், மேசையிலேயே நின்று நடுவர் தரும் சீட்டில் உங்கள் இடமும் தொகையும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்கி, அடையாள அட்டையோடு பணம் வழங்கும் கவுன்டருக்குச் செல்ல வேண்டும்.